மருந்து ஜன்னலுக்கு ஒரு திரை

பழனியாண்டவனை நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். பிழை இருந்தால் மலரை அச்சிடுகிற தம்பிகள் திருத்திக்கொள்ளட்டும்.

நம் மருந்தாளுநர் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி என்னைப் பிடித்தது கலா என்ற பெண். நான் பிரஷர் மாத்திரை வாங்கும் கடையில் வேலை பார்க்கிறது. போன மாதம் போயிருந்தபோது ஒரு காதில் டெலிபோன், ஒரு கையில் மாத்திரை அட்டை, இன்னொரு கையில் சில்லறை, கண் மட்டும் வாசலில் நிற்கிறவர் மேல் என்று நின்றது. கூட்டம் கலைந்ததும் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு சொன்னது:

"வீட்டுக்குப் போயும் இந்தக் கடை எனக்குள்ள நடந்துக்கிட்டே இருக்குங்கய்யா. சோறு அள்ளி வாயில வைக்கும்போதும் யாரோ மாத்திரை கேக்குறாங்க. உங்க காலத்துல இந்த ரோதனையெல்லாம் இல்ல. நிம்மதியா இருந்திருப்பீங்க."

நான் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று கேட்டது. அங்கே நின்றபடி சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனசு ஒரு இடத்தில் நிற்காது. கோயிலைச் சுற்றி வரும்போது மாட்டுக்குத் தண்ணி வைத்தேனா என்று ஓடும். மாட்டுக்குத் தண்ணி வைக்கும்போது கோயிலில் விட்ட செருப்பு இருக்கிறதா என்று ஓடும். பெரியவனானால் சரியாகிவிடும் என்றார்கள். பெரியவனானேன். கல்யாணமும் ஆயிற்று. கூட்டம்தான் பெருகியது. என் மனைவி பாக்கியம் ஒரு நாள் சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள்: "உடம்பு வந்து உக்காந்துருச்சு. நீங்க எப்ப வருவீங்க?"

எங்கள் ஊர் சாணார்பட்டிக்குப் பக்கம். எட்டாவது தேறி, ஆஸ்பத்திரி ஒன்றில் பெரிய கம்பவுண்டரிடம் எடுபிடியாக இருந்து, பரீட்சை எழுதி நானும் கம்பவுண்டர் ஆனேன். அதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் டாக்டர் அந்தோணி ஐயாவின் டிஸ்பென்சரியில் சேர்ந்தேன். அங்கேதான் என் வாழ்நாள் வேலை முழுவதும் கழிந்தது.

டாக்டரய்யா பெரிய உருவம், சின்னக் குரல். ஒரு நோயாளி எழுந்து போனதும் கை கழுவுவார். பிறகு துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். வாசலில் எத்தனை பேர் நின்றாலும் அந்தத் துடைப்பு குறையாது. "இவரு கை கழுவியே பொழுதச் சாச்சிருவாரு" என்று வெளியே முணுமுணுப்பார்கள். ஒரு தடவை நானே கேட்டுவிட்டேன், அவ்வளவு நேரம் துடைக்க வேண்டுமா என்று. "அழுக்குக்காக மட்டும் இல்ல மாணிக்கம். போனவரை வழியனுப்பி வைக்கிறேன். அவரு போனாத்தானே அடுத்தவரு உக்கார முடியும்?" என்றார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அன்றைய வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அட்டை மாத்திரை அபூர்வம். பெரும்பாலும் கலக்கிக் கொடுக்கிற தண்ணி மருந்துதான். நோயாளியே குப்பி கொண்டுவர வேண்டும். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க் குப்பி, பன்னீர்க் குப்பி, சாராயக் குப்பி, எல்லாம் வரும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, மோந்து பார்த்து, பிறகுதான் மருந்து. காகிதத்தை நீளமாக மடித்து, ஓரத்தில் பல் பல்லாகக் கத்தரித்து, குப்பியின் மேல் பசை போட்டு ஒட்டுவோம். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும்.

அலமாரியிலிருந்து பெரிய பாட்டிலை எடுக்கும்போது ஒரு தரம் பேரைப் படிக்க வேண்டும். ஊற்றுவதற்கு முன் ஒரு தரம். திரும்ப வைக்கும்போது ஒரு தரம். பேர் ஒட்டிய பக்கம் உள்ளங்கைக்குள் இருக்க வேண்டும். சொட்டு வழிந்தாலும் எழுத்து அழியாது. அளவு கிளாஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வீரியமான மருந்துகள் மட்டும் வரிவரியாக மேடு வைத்த பச்சைப் பாட்டிலில் இருக்கும். தொட்டதும் விரலுக்கே தெரிந்துவிடும், இது விளையாட்டில்லை என்று.

இது எல்லாம் தெரியும் எனக்கு. தெரிந்து என்ன செய்ய? மருந்து அறைக்கும் வெளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு ஜன்னல். குப்பியை வாங்குவதும் கொடுப்பதும் அது வழியாகத்தான். அந்த ஜன்னல் நிறைய எப்போதும் முகங்கள்.

"ஏப்பா கம்பவுண்டரு, எங்க மாமனாரு களிம்பு என்னாச்சு?"

"மருந்து குடிச்சிட்டு மோரு சாப்பிடலாமாய்யா?"

"ஏலே மாணிக்கம், உங்க ஊருப் பக்கம் மழை உண்டா?"

ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வேன். கை தன் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருக்கும். அப்போது பின்னாலிருந்து டாக்டரய்யாவின் சின்னக் குரல் வரும்: "கையில என்ன?"

முதல் தடவை கேட்டபோது, "வாயு மருந்துங்கய்யா" என்றேன் சட்டென்று.

"சரியாத்தான் சொன்ன. ஆனா நீ பாட்டிலைப் பாக்கவே இல்லையே. பாத்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னேன். போய்விட்டார். அவ்வளவுதான் அவர் கண்டிப்பு. ஆனால் அந்த இரண்டு வார்த்தையும் எப்போது வரும் என்று தெரியாது.

ஒரு சந்தை நாள். வயிற்று வலியால் சுருண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் நின்றாள். குழந்தைக்கு எழுதியிருந்த மருந்தில் பெல்லடோனா சொட்டு உண்டு. அளவோடு போனால் வலி நிற்கும்; கூடினால் பிள்ளை முகம் சிவந்து பிதற்ற ஆரம்பித்துவிடும். பச்சைப் பாட்டில் என் கையில் இருந்தது. ஜன்னலில் களிம்புக்காரர் கேட்டார், மழைக்காரர் கேட்டார், நான் சொன்னேன். அதற்குள் என் மனசு வீட்டுக்குப் போய், ஒழுகுகிற ஓட்டைப் பார்த்துவிட்டு, தங்கை கல்யாணத்துக்குப் போய், திரும்பி வந்தது. வந்து பார்த்தால் அளவு கிளாஸ் ஈரமாக இருக்கிறது. சொட்டைப் போட்டுவிட்டேனா, இனிமேல்தான் போட வேண்டுமா? தெரியவில்லை. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நிறத்தில் என்ன தெரியும்?

"கையில என்ன?"

"பெல்லடோனாங்கய்யா."

"போட்டாச்சா, போடணுமா?"

நான் மறுபடி ஈரக் கிளாஸைப் பார்த்தேன். அவர் குப்பியை என் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் கவிழ்த்தார். "புதுசாக் கலக்கு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். கலக்கினேன். அந்தத் தாய்க்கு ஒன்றும் தெரியாது. மகராசனா இருங்க என்று வாங்கிக்கொண்டு போனாள். கூட்டம் கலைந்த பிறகு டாக்டரய்யா என்னை உட்காரச் சொன்னார்.

"தலைக்குள்ள எத்தனை பேரு மாணிக்கம்?"

"கூட்டமா இருக்குதுங்கய்யா."

"எனக்குக் கோபம் இல்ல. சந்தேகம் வந்தப்ப நீ ஊத்திக் குடுக்காம நின்ன பாரு, அது நல்லது. ஆனா தெனமும் நான் பின்னால வந்து நிக்க முடியாது. ஒரு பிள்ளையோட வயித்துக்குள்ள போயி, போட்டியா போடலையான்னு தேடவும் முடியாது. இந்த வேலை உன்னால ஆகுமான்னு யோசிச்சு நாளைக்குச் சொல்லு."

இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை. வீட்டில் பாக்கியம் முழுகாமல் இருந்தாள். நேரே வீட்டுக்குப் போக மனசு வராமல் கோட்டை மாரியம்மன் சன்னதிக்குப் போனேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டம். எனக்கு முன்னால் ஒருத்தி பூசாரியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், தேங்காயை வாங்குங்க சாமி என்று. ஒருத்தர் விபூதி கேட்டார். அதற்குள் திரையை இழுத்துவிட்டார்கள். உள்ளே அலங்காரம். தேங்காய்க்காரி கையைக் கீழே போட்டாள். விபூதிக்காரர் தூணில் சாய்ந்தார். யாரும் பூசாரியைக் கூப்பிடவில்லை. பேச்சு இருந்தது, பிள்ளைகளின் அழுகை இருந்தது, ஆனால் திரைக்கு உள்ளே இருப்பவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அம்மனுக்கும் அவருக்கும்தான் அந்த நேரம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சத்தம் என்னைக் கெடுக்கவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அதுதான் கெடுத்தது. ஆத்தா திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு எனக்கு வழி காட்டினாள் என்றே இன்றைக்கும் நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் பழைய சேலை இருந்தால் கிழித்துக் கொடு என்றேன். எதுக்கு என்றாள். சொன்னேன். அரக்குக் கலர்ச் சேலையில் நல்ல பக்கமாகப் பார்த்துக் கிழித்து, மேல் ஓரத்தை மடித்துத் தைத்து, சுருக்குக் கயிறும் கோத்துக் கொடுத்தாள். மறுநாள் டாக்டரய்யாவிடம் காட்டினேன். துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"கோயில்ல பாத்தியா?"

"ஆமாங்கய்யா."

"கட்டு" என்றார்.

அன்று முதல் சீட்டும் குப்பியும் வாங்கியதும் திரையை இழுத்துவிடுவேன். ஒருவருடைய மருந்து முடிந்து, பாட்டில் அலமாரிக்குத் திரும்பிய பிறகுதான் திறப்பேன். முதல் வாரம் கேலி தாங்கவில்லை.

"உள்ள என்னப்பா நடக்குது? நைவேத்தியமா?"

"மணி அடிச்சதும் கும்பிட்டுக்கங்கப்பா, கம்பவுண்டரு சாமி தரிசனம் குடுப்பாரு!"

"களிம்புக்குச் சுண்டலும் உண்டா?"

போகப் போக அவர்களே பழகிவிட்டார்கள். புதிதாக வந்தவர் ஜன்னலைத் தட்டினால், "செத்த பொறுங்க, திரை போட்டிருக்கு" என்று மற்றவர்கள் சொல்வார்கள். டாக்டரய்யாவும் பின்னால் வந்து கேட்பதை நிறுத்திவிட்டார். ஆனால் நானே என்னைக் கேட்டுக்கொள்வேன், கையில் என்ன என்று. மனசு ஓடாமல் இல்லை. ஓடும். ஓடிவிட்டுத் திரும்பி வரும்போது வந்து நிற்பதற்கு ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது வெள்ளைச்சாமி அண்ணன் கதைக்கு வருகிறேன். அறுபதுகளில் நடந்தது. வெங்காய மண்டியில் ஏலம் கூறுகிறவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். மண்டியில் அவர் ஏலம் கூறினால் ரோட்டில் போகிற வண்டிமாடு நிற்கும். சேவுகம்பட்டிப் பக்கத்து வெள்ளாமைக்காரச் சம்சாரிகள் அவர் ஏலம் கூறினால்தான் மூட்டையை இறக்குவார்கள். ஒரு குவியல் முடியுமுன் அடுத்த குவியலுக்கு விலை கத்துவார்கள். நாலு பக்கமும் காது வைத்துக்கொண்டு பிடிப்பார். அதுதான் அவருக்குப் பெருமை. அதுதான் அவரைத் தின்றது.

"தலைக்குள்ள ஏலம் ஓடுதுங்கய்யா" என்று டாக்டரய்யாவிடம் சொன்னார். "படுத்தா ஓடுது, குளிச்சா ஓடுது. ஒருதரம், ரெண்டுதரம்னு ஓடுதே தவிர, மூணுதரம்னு முடியவே மாட்டேங்குது. தூங்கி நாளாச்சு."

டாக்டரய்யா தூக்கத்துக்குப் புரோமைடு கலந்த மருந்து கொஞ்ச நாளைக்கு எழுதி, தீர்ந்ததும் வந்து பார்க்கச் சொன்னார். அண்ணன் நன்றாகத் தூங்கினார். தீர்ந்ததும் நேரே ஜன்னலுக்கு வந்து "அதே மருந்து" என்றார். டாக்டரைப் பார்க்காமல் தர முடியாது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. பழைய சீட்டைக் காட்டி வேறெங்கோ வாங்கிக் குடித்திருக்கிறார். தானாகவே அளவைக் கூட்டியும் இருக்கிறார்.

அடுத்து அவரைப் பார்த்தபோது மனைவி மாரியாயி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். முகமெல்லாம் பரு. நாக்கு குழறியது. மண்டியில் குவியல் மேலேயே உட்கார்ந்து தூங்கியிருக்கிறார்; எழுப்பினால் நேற்று விற்ற மூட்டைக்கு இன்று விலை சொல்லியிருக்கிறார். சம்சாரிகள் வேறு ஆளைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். "குடிக்கிறாருன்னு ஊரே பேசுதுங்கய்யா. மருந்தத் தவிர ஒரு சொட்டு தொடல" என்று மாரியாயி அழுதாள்.

டாக்டரய்யா அவர் முகத்தை வெகு நேரம் பார்த்தார். "மருந்து உடம்புல சேந்து போச்சும்மா. நிறுத்தணும். உப்புத் தண்ணி குடுக்கணும்" என்றார். உப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க எனக்குச் சீட்டு வந்தது.

மாரியாயி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஜன்னலில் கேட்டாள்: "ஏய்யா, உப்புக்கா இம்புட்டு தூரம் கூட்டியாந்தேன்? எங்க வீட்டு அடுப்படியில பானை நெறைய கெடக்கே!"

"உங்க வீட்டு உப்பு சோத்துக்கும்மா. இது அளந்த உப்பு" என்றேன். அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள்.

உப்பு வேலை செய்தது. நாக்குத் தெளிந்தது, முகம் தெளிந்தது. கூடவே ஏலமும் திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் டாக்டரய்யா சேவுகம்பட்டியில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். கூடத்தில் ஓரிருவர்தான். வெள்ளைச்சாமி அண்ணன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கம்பவுண்டரே, ஒரே ஒரு வேளை. டாக்டரய்யாவுக்குத் தெரியவா போகுது?"

"அவருக்குத் தெரியாதுண்ணே. எனக்குத் தெரியுமே."

"உனக்கு என்னய்யா தெரியும்? மண்டைக்குள்ள நிக்காம ஏலம் ஓடுறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. உங்களுக்கு ஏலம், எனக்கு இந்த ஜன்னல். வீட்டுக்குப் போனாலும் கூடவே வரும்."

என்னை உற்றுப் பார்த்தார். "அப்புறம் எப்பிடி நீ ஒழுங்கா இருக்க?"

"ஒழுங்கா எங்க இருக்கேன்? திரையைப் போட்டுக்கிறேன்."

அவர் போகவில்லை. அந்த முகத்தோடு அவரைத் தெருவில் விட எனக்கும் மனசு வரவில்லை. அலமாரியைப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு, உள்ளே வாங்க என்று கதவைத் திறந்தேன். வெளியாளை மருந்து அறைக்குள் விடுவது முறையில்லை. தெரிந்துதான் செய்தேன். பெஞ்சில் உட்கார வைத்து, காகிதமும் கத்திரிக்கோலும் கொடுத்து, குப்பிக்கு ஒட்டுகிற பல் வெட்டச் சொன்னேன். திரையை இழுத்துவிட்டேன்.

வெட்டினார். முதல் காகிதம் கோணல். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஒருதரம், ரெண்டுதரம். வெளியே யாரோ "கம்பவுண்டரே!" என்று கூப்பிட்டதுதான் தாமதம், இவர் மண்டிக் குரலில் "என்னாய்யா?" என்று கத்தினார். வெளியே கூப்பிட்டவர் பயந்து குப்பியைக் கீழே போட்டது கேட்டது.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணே, திரை போட்டிருக்கு. அது நமக்கு இல்ல" என்றேன்.

"கூப்புடுறானே?"

"கூப்புடட்டும். தொறக்கும்போது பேசிக்கலாம். இப்பக் கையில என்ன?"

கீழே பார்த்தார். "காகிதம்."

"அதுக்கு எத்தன பல்லு பாக்கி?"

மறுபடி வெட்ட ஆரம்பித்தார். வெளியே இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் தலை நிமிர்ந்தது. பிறகு காகிதத்துக்குத் திரும்பியது. நான் என் வேலையைப் பார்த்தேன். சற்று நேரம் கழித்துக் கத்திரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினால் சுவரில் தலை சாய்த்துத் தூங்குகிறார். காகிதத்தில் கடைசிப் பல் பாதி வெட்டி நிற்கிறது. கத்திரிக்கோலை மெல்ல அவர் விரலிலிருந்து எடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டரய்யா வந்துவிட்டார். வாசலில் நின்று அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கலைங்கய்யா."

"கையில என்ன?"

குனிந்து பார்த்துவிட்டே சொன்னேன். "கத்திரிக்கோலுங்கய்யா."

"அலமாரி?"

இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். டாக்டரய்யா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, தூங்குகிறவரை எழுப்பாமல் நாடி பார்த்தார். "நாளைக்கும் வரச் சொல்லு. ஆனா மருந்து ரூம் வேண்டாம். நடையில ஒரு பெஞ்சைப் போடு. அங்கேயும் ஒரு திரை கட்டிரு" என்றார். பிறகு போய்க் கை கழுவ ஆரம்பித்தார்.

பாக்கியத்தின் மிச்சச் சேலை அந்தத் திரைக்குப் போயிற்று. மண்டி முடிந்ததும் வெள்ளைச்சாமி அண்ணன் வந்து பல் வெட்டுவார். எல்லா நாளும் தூக்கம் வந்துவிடவில்லை. சில நாள் கத்திரிக்கோலை எறிந்துவிட்டு, "இதெல்லாம் ஒரு வைத்தியமா?" என்று சண்டை போட்டுப் போவார். மறுநாள் வந்து பொறுக்கிக்கொள்வார். வெகு நாள் கழித்து மாரியாயி தனியாக ஜன்னலுக்கு வந்தாள். "நேத்து வெளக்கு வச்சதும் படுத்தவரு, கோழி கூப்புடத்தான் முழிச்சாரு" என்றாள். பிறகு அண்ணன் வருவது குறைந்தது. நின்றும் போனது. எனக்கு உள்ளூர ஒரு பயம், மறுபடி மருந்துக்குப் போய்விட்டாரோ என்று.

ஒரு காலையில் வெங்காயம் வாங்குகிற சாக்கில் மண்டிக்குப் போனேன். தூரத்திலேயே குரல் கேட்டது. பழைய குரல். குவியலைச் சுற்றிக் கூட்டம், நாலு பக்கமும் விலை.

"ஒருதரம்! ரெண்டுதரம்!" ஒரு மூச்சு விட்டார். "மூணுதரம்!"

சொன்னதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, விலை முடிந்த குவியலின் மேல் விரித்துப் போட்டார். அடுத்த குவியலுக்கு ஒருவர் விலை சொல்ல வாயைத் திறந்தார். பக்கத்தில் இருந்த சம்சாரி அவர் தோளில் தட்டினார்: "செத்த பொறுய்யா. துண்டு போட்டிருக்குல்ல? எடுத்தப்புறம் கேளு."

"இது என்ன புதுப் பழக்கம்? நைவேத்தியமா?"

"அப்பிடித்தான் வச்சுக்க."

வெள்ளைச்சாமி அண்ணன் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் துண்டின் மேல் வைத்தபடி குனிந்து நின்றார். உதடு அசையவில்லை. பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கூட்டத்தில் என்னைக் கண்டார். முகம் மலர்ந்தது. அத்தனை பேருக்கும் நடுவில் அந்தப் பெரிய குரலில் கேட்டார்:

"கம்பவுண்டரே, கையில என்ன?"

பார்த்துத்தான் சொன்னேன்.

"வெறும் பைதாண்ணே."

"கொண்டா இங்கே" என்றார்.